நமீபியா வேட்டைப் பயணம்: பெட்டி கட்டும் முன் பார்க்க வேண்டியவை

டெக்சஸில் நம் ஆட்கள் கூடும் இடங்களில் நமீபியா வேட்டைப் பயணம் என்று பேச்செடுத்தால் முதலில் செலவைக் கேட்பார்கள். அடுத்து எந்தத் துப்பாக்கி என்பார்கள். மூன்றாவது கேள்வியைத் தனியாகக் கூப்பிட்டுத்தான் கேட்பார்கள்: "அதைச் சுட மனசு வருதா?" மதுரையிலிருந்து அம்மாவும் ஃபோனில் இதையேதான் கேட்டார். "பாவம் இல்லையாப்பா?"

இந்தக் கேள்வியை நான் ஒதுக்குவதில்லை. தயாரிப்பு முழுவதும் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஓர் உயிரை எடுக்கப் போகிறோம். அது முதல் தோட்டாவிலேயே, சில நொடிகளில் முடிய வேண்டும். காயம்பட்டு முட்புதருக்குள் ஓடி இரவெல்லாம் துடிக்கக் கூடாது. பெட்டியில் எதை வைப்பது, எதை விடுவது, கிளம்புவதற்கு முந்தைய மாதங்களில் நேரத்தை எதில் செலவிடுவது எல்லாவற்றையும் இதை வைத்துத்தான் முடிவு செய்கிறேன்.

நமீபியாவைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை குற்றம். நம் காடுகளின் நிலைமைக்கு அதுதான் சரி. நமீபியாவின் கதை வேறு. 1975இல் வந்த சட்டம் தனியார் பண்ணை உரிமையாளர்களுக்குத் தங்கள் நிலத்தில் திரியும் காட்டு விலங்குகள் மீது உரிமை கொடுத்தது. அதுவரை புல்லுக்கு மாட்டோடு போட்டியிடும் தொல்லையாக இருந்த ஓரிக்ஸும் குடுவும், இரண்டும் பெரிய கொம்புள்ள ஆப்பிரிக்க மான் இனங்கள், காப்பாற்றி வைக்க வேண்டிய சொத்தாகின. 1996இல் அதே உரிமை பொது நிலங்களில் வாழும் மக்களுக்கும் கிடைத்தது. இன்று எண்பதுக்கும் மேற்பட்ட சமூகக் காப்பகங்கள் அங்கே இருக்கின்றன. வேட்டைக் கட்டணமும் இறைச்சியும் ஊருக்குப் போகின்றன.

"அவ்வளவு கறியையும் யாருங்க சாப்பிடுவாங்க?" என்று என் மனைவி கேட்டார். நான் பண்ணைக்காரருக்கு எழுதிய முதல் மின்னஞ்சலில் இருந்த முதல் கேள்வியும் அதுதான். பதில் தெளிவாக வந்தது: பண்ணை ஆட்களுக்கு ஒரு பங்கு, சமையலறைக்கு ஒரு பங்கு, மீதி கோபாபிஸ் ஊர்க் கசாப்புக் கடைக்கு. இந்தக் கேள்விக்கு மழுப்பும் ஆளிடம் பணம் கட்ட வேண்டாம்.

அதே மின்னஞ்சலில் இன்னும் சிலவற்றைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நாள் வாடகை எவ்வளவு, அதில் என்னென்ன அடங்கும். ஒவ்வொரு விலங்குக்கும் தனிக் கட்டணம் எவ்வளவு. விமான நிலையத்திலிருந்து கூட்டிப்போவது யார். காயம்பட்டுத் தப்பிய விலங்குக்கும் முழுக் கட்டணம் உண்டு என்பது ஆப்பிரிக்கா முழுவதும் வழக்கம். அதைக் குறை சொல்ல எனக்குத் தோன்றவில்லை, நியாயமான விதிதான். வேட்டை அனுமதிச் சீட்டை உங்கள் பெயரில் பண்ணைக்காரர்தான் முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டும். கோப்பைக்கான வேட்டை, அதாவது கொம்பையும் தோலையும் எடுத்துச் செல்லும் வேட்டை, பிப்ரவரி தொடக்கத்திலிருந்து நவம்பர் முடிய மட்டும். ஓர் இனத்தில் இரண்டுக்கு மேல் கிடையாது. பதிவு பெற்ற வழிகாட்டி உடன் இல்லாமல் போக முடியாது.

இனி காகிதங்கள். துப்பாக்கியைக் கொண்டுபோவதா, அங்கேயே வாடகைக்கு எடுப்பதா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பெரும்பாலான பண்ணைகளில் நல்ல ரைஃபிள் வாடகைக்குக் கிடைக்கும். படிவம், பூட்டுப் பெட்டி, விமான நிறுவன அனுமதி எதுவும் வேண்டாம், நிம்மதி. முதல் தடவை போகிறவர்களுக்கும், துப்பாக்கியை வருடத்துக்கு இரண்டு தடவை மட்டும் கையில் எடுப்பவர்களுக்கும் அதையே சொல்வேன். ஆனால் நன்றாகப் பழகிய ரைஃபிள் கைவசம் இருந்தால் கொண்டுபோங்கள். அதன் டிரிகர் எந்த இடத்தில் விடும் என்று விரலுக்குத் தெரிந்திருப்பதன் மதிப்பு அங்கே புரியும்.

அமெரிக்காவிலிருந்து கொண்டுபோவதானால் 4457 என்ற சுங்கப் படிவம் முக்கியம். ரைஃபிளை எடுத்துக்கொண்டு சுங்க அலுவலகத்துக்குப் போக வேண்டும். அதிகாரி தொடர் எண்ணைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்துவார். திரும்பி வரும்போது இது உங்களுடைய பொருள்தான் என்பதற்கு அதுவே சாட்சி. வெளிநாட்டுக் காவல்துறையும் உரிமைக்கான ஆவணமாக அதைத்தான் கேட்கும். அந்தப் படிவத்தின் மேல் மூலையில் ஒரு காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும். அது படிவ அச்சுக்கான தேதி மட்டும்தான். ஆனால் வெளிநாட்டில் அதைப் பார்க்கும் அதிகாரி உங்கள் அனுமதியே முடிந்துவிட்டதாக நினைக்க வாய்ப்பு உண்டு, அதனால் தேதி கடக்காத படிவமாகப் பார்த்து வாங்குங்கள். ஸ்கோப்பையும் பைனாகுலரையும் அதிலேயே சேர்த்து எழுதலாம்.

விமானப் பயணத்துக்குக் கெட்டியான பெட்டி, தோட்டா இல்லாத ரைஃபிள், சாவி உங்களிடம் மட்டும் இருக்கும் பூட்டுகள். செக்-இன் மேசையில் வாய்விட்டுச் சொல்லி அறிவிக்க வேண்டும். தோட்டாக்கள் கம்பெனி அட்டைப்பெட்டியிலேயே இருக்கட்டும். 5 கிலோதான் வரம்பு. அது போதாதோ என்று சிலர் கவலைப்படுகிறார்கள். என் ரைஃபிளின் அளவான 30-06 தோட்டா இருபது கொண்ட பெட்டி அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். இரண்டு பெட்டி தாராளம். அதற்கு மேல் தேவைப்படும் என்று தோன்றினால் இன்னும் பயிற்சி போதவில்லை என்று அர்த்தம்.

வழியில் விமானம் மாறும் நாட்டின் சட்டமும் உங்களைக் கட்டுப்படுத்தும். சில நாடுகளில் துப்பாக்கியோடு விமானம் மாறிச் செல்வதற்கே முன் அனுமதி வேண்டும். ஜோகன்னஸ்பர்க்கில் இறங்கி ஒரு ராத்திரி தங்குவதானால் தென்னாப்பிரிக்கக் காவல்துறையின் 520 படிவம் தனியாகச் சேர்ந்துகொள்ளும். அதைக் கறுப்பு மையில் நிரப்பி, கையெழுத்தை மட்டும் அங்கே அதிகாரி முன்னால் போட வேண்டும். நான் ஃபிராங்க்ஃபர்ட் வழியாக, ஒரே டிக்கெட்டில், துப்பாக்கிப் பெட்டிக்கு விண்ட்ஹுக் வரை ஒரே டேக் விழும்படி பார்த்துக்கொள்கிறேன். தனித்தனி டிக்கெட்டாகப் போட்டால் கொஞ்சம் காசு மிச்சமாகலாம். நடுவழியில் பெட்டியை வாங்கி மறுபடி ஒப்படைக்கும் நிலை வந்தால் அந்த மிச்சம் போதவே போதாது. விமான நிறுவனத்தின் சம்மத மின்னஞ்சலை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள்.

விண்ட்ஹுக்கின் ஹோசியா குட்டாகோ விமான நிலையத்தில் காவல்துறை மேசையிலேயே தற்காலிக இறக்குமதி அனுமதி கொடுக்கிறார்கள். தொடர் எண்ணைப் படிவத்தோடு ஒப்பிட்டு, தோட்டாவின் அடியில் பொறித்திருக்கும் அளவு துப்பாக்கியோடு பொருந்துகிறதா என்று பார்த்து, எண்ணி எழுதிக்கொள்வார்கள். கைத்துப்பாக்கிக்கு இடமில்லை. விலங்குக்கு ஏற்ற சக்தியையும் சட்டமே வரையறுத்திருக்கிறது: ஸ்பிரிங்பாக் அளவிலான சிறிய மான்களுக்குக் குறைந்தது 1,350 ஜூல்; குடு, ஓரிக்ஸ், ஹார்ட்டபீஸ்ட், ஈலண்ட் போன்றவற்றுக்கு 2,700; எருமை, யானை போன்றவற்றுக்கு 5,400. என் 30-06, 180 கிரெய்ன் (கிட்டத்தட்ட 12 கிராம்) எடையுள்ள தோட்டாவோடு குழல்வாயில் ஏறத்தாழ 3,900 ஜூல் கொடுக்கும். டெக்சஸ் மானுக்குப் பிரமாதமாக வேலை செய்யும் 243 என்ற சிறிய அளவு ரைஃபிள் பல தோட்டாக்களில் அந்த 2,700ஐத் தொடாமல் நின்றுவிடும். அதனால் அதை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். தோட்டாவின் தலை உடைந்து சிதறாமல் உள்ளே ஆழமாகப் போகும் வகையாக இருக்கட்டும், ஓரிக்ஸின் கழுத்துத் தோலும் தோளும் தடிமனானவை.

பயிற்சியைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். துப்பாக்கி சுடும் மைதானத்தில் மேசையில் மணல்மூட்டை வைத்து, நாற்காலியில் உட்கார்ந்து சுட்டுத்தான் நாம் பழகியிருக்கிறோம். கோபாபிஸ் பக்கத்துக் கலஹாரிப் புதர்நிலத்தில் மேசை கிடையாது. புல் இடுப்பளவு நிற்கும். படுத்துக்கொண்டு சுட வழியில்லை. வழிகாட்டி மூன்று கால் கம்பு ஒன்றைச் சட்டென்று விரித்து முன்னால் வைப்பார். அதன் கவையில் ரைஃபிளைச் சாய்த்து, நின்றபடி, மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போதே சுட வேண்டியிருக்கும். விலங்கு நமக்காகச் சில நொடிகளுக்கு மேல் நிற்காது. அதனால் அதே மாதிரி கம்பு ஒன்றை வாங்கிக் கிளம்புவதற்குப் பல மாதங்கள் முன்பே பழக ஆரம்பியுங்கள். நூறு கெஜத்தில் சின்னத் தட்டு அளவு வட்டத்துக்குள் ஒவ்வொரு குண்டும் விழும் வரை மேலே போகக் கூடாது. விழுந்த பிறகு நூற்றைம்பது. அந்தப் புதர்நிலத்தில் பெரும்பாலும் இந்தத் தூரங்களுக்குள்ளேயே வாய்ப்பு அமையும். நீண்ட தூரத்தில் சுட்டு வீரம் காட்டும் ஆசையை ஊரிலேயே இறக்கி வைத்துவிடுங்கள்.

தினமும் மைதானத்துக்குப் போக முடியாதுதான். சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் வீட்டின் பின்கட்டில், போலித் தோட்டாவைப் போட்டு, ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்த்துவிட்டு, கம்பை விரித்து, தூக்கி, குறிபார்த்து, டிரிகரை இழுப்பது. இதை மட்டுமே செய்வேன். சில நாள் தெருவை ஓட்டமாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து அதையே செய்வேன், இதயம் அடித்துக்கொள்ளும்போது குறி எவ்வளவு ஆடுகிறது என்று தெரிய வேண்டும் அல்லவா. ஆட்டம் நிற்கக் காத்திருக்கக் கூடாது. ஆட்டத்தின் ஊடே விரலை மெதுவாக அழுத்தப் பழக வேண்டும்.

எங்கே சுடுவது என்பதையும் புதிதாகக் கற்க வேண்டும். அமெரிக்க மானுக்குத் தோளுக்குப் பின்னால் குறிவைக்கச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஆப்பிரிக்க மான் இனங்களில் இதயமும் நுரையீரலும் இன்னும் முன்னால், இன்னும் கீழே இருக்கின்றன. முன்னங்காலின் நேர்கோட்டில் மேலே போய், உடம்பின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் நிறுத்த வேண்டும். ஓரிக்ஸின் தோள் மேடு உயர்ந்து நிற்பதால் கண் ஏமாந்து மேலே குறிவைத்துவிடும். உள்ளுறுப்புகள் வரைந்த படங்களை அச்செடுத்து, பக்கவாட்டில், முக்கால் திரும்பி, முகம் காட்டி என்று ஒவ்வொரு நிலைக்கும் தோட்டா எங்கே நுழைந்து எங்கே போகும் என்று மகளோடு உட்கார்ந்து பென்சிலால் கோடு போட்டுப் பார்த்தேன். அவளுக்கு உயிரியல் பாடம், எனக்கு இது. பின்புறம் காட்டி நிற்கும் விலங்கைச் சுட மாட்டேன் என்று அந்தத் தாள்களைப் பார்த்துத்தான் முடிவு செய்தேன்.

பெட்டிக்கு வருவோம். ஜூன், ஜூலையில் கோபாபிஸ் பக்கம் குளிர்காலம். திறந்த வண்டியின் பின்புறத்தில் விடியற்காலை நின்றுகொண்டு போனால் பூஜ்ய டிகிரிக்குப் பக்கத்துக் காற்று முகத்தில் அறையும். பத்து மணிக்குச் சட்டையோடு நடக்கலாம். மதியம் வெயில் 20, 25 டிகிரி. ஒரே தடிமனான கோட்டு உதவாது. மெல்லியதாக ஒன்றன்மேல் ஒன்று போட்டுக் கழற்றிக்கொண்டே போக வேண்டும். கம்பளித் தொப்பி, மெல்லிய கையுறை, கழுத்துக்கு ஒரு துணி, இவை மூன்றும் எடை இல்லாதவை, விலைமதிப்பற்றவை. காக்கி, ஆலிவ், மண் நிறம் எதுவும் சரி. ராணுவப் புள்ளித் துணி வேண்டாம். பக்கத்து ஜிம்பாப்வேயிலும் சாம்பியாவிலும் பொதுமக்கள் அதை உடுத்துவதே சட்டவிரோதம். வடகிழக்கே சாம்பெசி பகுதிக்குப் போவதானால் நீலமும் கறுப்பும் வேண்டாம். செட்சி ஈக்கள் அந்த நிறங்களைத் தேடி வரும்.

பண்ணையில் தினமும் துவைத்துப் போட்டுவிடுகிறார்கள். மூன்று ஜோடி போதும். துணியின் தன்மைதான் முக்கியம். அந்தக் காட்டில் கறுப்புமுள் என்ற புதர் எங்கும் நிற்கிறது, கொக்கி வளைந்த முட்கள். பஞ்சு பஞ்சான ஃபிளீஸ் ஜாக்கெட் போட்டால் பத்தடிக்கு ஒரு தடவை பிடித்து நிறுத்தும். நெருக்கமாக நெய்த பருத்தி வழுக்கிக்கொண்டு போகும். வெல்க்ரோ வைத்த பையெல்லாம் வேண்டாம். அமைதியான காட்டில் அதைப் பிரிக்கும் சத்தம் ஓரிக்ஸின் காதுக்கு எட்டிவிடும். நோசோப் ஆற்றுப் படுகையைத் தாண்டும்போது பழகிய முகம் ஒன்றைப் பார்த்தேன். நம் சீமைக்கருவேலத்தின் இனமான புரோசோபிஸ் அங்கேயும் ஆற்றை அடைத்துக்கொண்டு வளர்கிறது. அதன் முள் நம் ஊரில் செருப்பைத் துளைப்பது போலத்தான் அங்கேயும். அடி கெட்டியான, கணுக்கால் மூடிய, வீட்டிலேயே நன்றாகப் போட்டுப் பழகிய காலணி வேண்டும். புதுக் காலணியோடு போய் மணலில் கொப்புளம் போட்டால் நடை அங்கேயே முடிந்தது. காலுறைக்குமேல் போடும் குட்டைத் துணி உறை ஒன்று இருந்தால் புல்விதைகள் ஏறாது.

அந்தக் காலணியை விமானத்தில் போட்டுக்கொண்டே போங்கள். எனக்குத் துப்பாக்கிப் பெட்டி வந்து சேர்ந்தது, துணிப்பெட்டி வரவில்லை. விமான நிறுவனம் அதைக் கண்டுபிடித்துக் கொடுப்பதற்குள் வேட்டை நாட்களில் ஒரு பகுதி ஓடிவிட்டது. கால்களில் காலணி, முதுகுப்பையில் ஒரு முழுச் செட் வேட்டை உடை, பைனாகுலர், மருந்துகள், காகிதங்கள் எல்லாம் இருந்ததால் எதுவும் நிற்கவில்லை. துப்பாக்கிப் பெட்டியின் ஓரங்களில் இரண்டு சட்டைகளைச் சுற்றி வைப்பதும் வழக்கமாகிவிட்டது, ரைஃபிளுக்கும் மெத்தை. விமான நிறுவனம் அனுமதிக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பைனாகுலரில் சிக்கனம் பார்க்காதீர்கள். ரைஃபிளைச் சுடுவது ஒரு கணம், பைனாகுலர் கண்ணில் இருப்பது நாள் முழுக்க. எட்டு அல்லது பத்து மடங்கு, 42 மில்லிமீட்டர், கழுத்தில் தொங்காமல் மார்போடு கட்டும் வார். லென்ஸ் துடைக்க இரண்டு மூன்று துணி. வண்டி கிளப்பும் செம்மண் தூள் எங்கும் நுழையும், வண்டியில் போகும்போது ரைஃபிளுக்கு மேல் போட ஒரு மெல்லிய உறை எடுத்துப்போங்கள். கத்தி, கயிறு, சமையல் சாமான், கூடாரம் எதுவும் வேண்டாம், எல்லாம் அவர்களிடம் இருக்கிறது. பிளக்கைப் பற்றி ஒரு நல்ல செய்தி: நம் ஊரில் கீசருக்கும் ஏசிக்கும் போடும் பெரிய மூன்று முள் பிளக்தான் அங்கேயும். மதுரையிலிருந்து வாங்கி வந்த ஒன்று என் பையில் நிரந்தரமாக இருக்கிறது.

மருந்து விஷயத்தில் பயணமருத்துவரைப் பாருங்கள். கோபாபிஸ் மாதிரி நடுப்பகுதிக்குக் குளிர்காலத்தில் ஒரு பேச்சு, வடக்கே கவாங்கோ, சாம்பெசிக்கு வேறு பேச்சு. அங்கே மலேரியா உண்டு. அதைத் தடுக்க டாக்சிசைக்ளின் மாத்திரை எடுத்தால் வெயில் தோலைச் சுடும், ஊர் திரும்பியும் நான்கு வாரம் தொடர வேண்டும். மஞ்சள் காய்ச்சல் இருக்கும் நாட்டின் வழியாகப் போனால் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். அவசரத்துக்கு விமானத்தில் தூக்கிச் செல்லும் காப்பீட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். பண்ணையிலிருந்து பெரிய மருத்துவமனை மணிக்கணக்குத் தொலைவு.

போய் இறங்கியதும் முதல் வேலை ரைஃபிளைச் சரிபார்ப்பது. பெட்டி எத்தனை முறை விழுந்ததோ நமக்குத் தெரியாது. பண்ணையில் ஓர் அட்டையைக் கட்டி வைத்திருப்பார்கள். என்னுடையது இரண்டு அங்குலம் வலப்பக்கம் நகர்ந்திருந்தது. ஸ்கோப்பில் சில கிளிக் திருப்பி, மூன்று குண்டு ஒரே இடத்தில் விழுந்த பிறகுதான் வழிகாட்டி தலையசைத்தார். அவர் அங்கே அட்டையை மட்டும் பார்க்கவில்லை. நாம் போல்ட்டை எப்படித் திறக்கிறோம், குழல் எந்தப் பக்கம் பார்க்கிறது, சுடும்போது கண்ணை மூடுகிறோமா, எல்லாவற்றையும் கவனிக்கிறார். எவ்வளவு தூரம் வரை நம்மைச் சுட விடலாம் என்று அப்போதே மனதில் முடிவு செய்துவிடுகிறார்.

தடம் பார்ப்பவர் டமாரா இனத்தைச் சேர்ந்த ஒரு பெரியவர். சின்னத் துணிப்பையில் சலித்த சாம்பல் வைத்திருந்தார். நடந்துகொண்டே அதை விரலால் சுண்டுவார். சாம்பல் மிதக்கும் திசையை வைத்துக் காற்று எப்படி வீசுகிறது என்று பார்த்து, எங்கள் வாசனை விலங்குக்கு எட்டாதபடி எல்லோரும் திரும்புவோம். மணலில் ஓரிக்ஸின் குளம்புத் தடத்தைக் காட்டி, அதன் குறுக்கே எறும்பு வரிசை போயிருக்கிறது, எனவே பழசு என்று கையாலேயே சொன்னார். அவருக்கு இங்கிலீஷ் வராது, எனக்கு அவர் பேச்சு வராது, ஒரு சிரமமும் இல்லை. நீங்கள் செய்ய வேண்டியது அவர் காலடியில் உங்கள் காலடியை வைப்பது, அவர் நின்றால் நிற்பது, கேள்விகளைச் சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்வது.

ஒரு காலைப்பொழுது முழுக்க ஒரே ஓரிக்ஸின் பின்னால் போய், கடைசியில் அது முட்புதரின் மறுபக்கம் தோள் மறைந்து நின்றது. கம்பு விரித்தாகிவிட்டது, குறியும் கழுத்தில் நின்றது. நான் தலையாட்டி மறுத்தேன். பெரியவர் கம்பைச் சத்தமில்லாமல் மடித்தார். மறுநாள் வேறொன்று, நூறு கெஜத்துக்கும் குறைவு, பக்கவாட்டில். ஒரே குண்டு. ஐம்பதடி போய் விழுந்தது. பக்கத்தில் போய், கண்ணைத் தொட்டு உறுதி செய்துகொண்டு, கை கூப்பினேன். அவர்களும் தொப்பியைக் கழற்றி நின்றார்கள். படம் எடுப்பதானால் ரத்தத்தைத் துடைத்து, நாக்கை உள்ளே வைத்து, மரியாதையாக எடுங்கள். விலங்கின் மேல் உட்காராதீர்கள். அன்று இரவே அதன் இறைச்சி தட்டுக்கு வந்தது. கொழுப்பே இல்லாத மென்மையான கறி, மிளகும் உப்பும் போதும்.

பணத்தில் ஒரு விவரம். நமீபிய டாலரும் தென்னாப்பிரிக்க ராண்டும் ஒன்றுக்கு ஒன்று. நமீபியாவில் ராண்டும் செல்லும், தென்னாப்பிரிக்காவில் நமீபிய டாலர் செல்லாது. அன்பளிப்பைத் தடம் பார்ப்பவர், தோல் உரிப்பவர், சமையல் செய்பவர், துணி துவைப்பவர் என்று ஒவ்வொருவருக்கும் தனி உறையில் பெயர் எழுதிக் கையில் கொடுங்கள். என்ன தொகை வழக்கம் என்று பண்ணைக்காரரிடம் முதலிலேயே கேட்டுவிட்டால் சங்கடம் இருக்காது. உறைகளை வீட்டிலிருந்தே எடுத்துப்போங்கள்.

கொம்பும் தோலும் வேண்டும் என்றால் அவற்றைச் சுத்தம் செய்து அனுப்பும் செலவு, கப்பல் செலவு, அமெரிக்காவில் வனவிலங்குத் துறையின் 3-177 படிவம், வேளாண்துறை அங்கீகரித்த இடத்துக்கு அனுப்புவது என்று ஒரு நீண்ட வரிசை இருக்கிறது. பெட்டி வீட்டுக்கு வர மாதக்கணக்காகும். மலை வரிக்குதிரை போன்ற சில இனங்கள் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பதால் கூடுதல் அனுமதியும் வேண்டும். ஓரிக்ஸும் குடுவும் அதில் இல்லை. இறைச்சி எதையும், காய வைத்த பில்டாங் உட்பட, கொண்டு வர முடியாது. நான் கொம்பை மட்டும் எடுத்துக்கொண்டேன், தோலைப் பண்ணையிலேயே விட்டுவிட்டேன்.

திரும்புவதற்கு முந்தைய இரவு காலணியின் அடியைப் பழைய பல்துலக்கியால் தேய்த்துச் செம்மண் முழுவதையும் எடுத்துவிடுங்கள். பண்ணைக்குப் போனீர்களா என்று அமெரிக்கச் சுங்கத்தில் கேட்பார்கள், ஆம் என்றுதான் சொல்ல வேண்டும். சுத்தமான காலணியும் மேலே தயாராக 4457 படிவமும் இருந்தால் அந்த வரிசை சீக்கிரம் நகரும்.